ஈடிஎஃப்பா, இண்டெக்ஸ் ஃபண்டா?

அன்புள்ள செல்வம்,

மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. மாடிப்படி மட்டும் ஏற விடுவதில்லை, அதற்குத் தினமும் சண்டை.

சரி, ஈடிஎஃப் வாங்குவதா, இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்குவதா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஈடிஎஃப் என்பது பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்ட்; இண்டெக்ஸ் ஃபண்டை ஃபண்ட் கம்பெனியிடமே வாங்கலாம். நிஃப்டி ஈடிஎஃப், நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் இரண்டுக்குள்ளும் இருப்பது நிஃப்டி பட்டியலின் அதே 50 கம்பெனிகள்தான். வரியும் ஒன்றுதான்: ஒரு வருடம் தாண்டி விற்றால், ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம். யாரிடம் வாங்குகிறாய் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஃபண்டில் மாதம் பத்தாயிரம் போட்டால், முத்திரை வரி ஐம்பது பைசா போக மிச்சமெல்லாம் அன்றைய என்ஏவியில், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பில், யூனிட்டாகிவிடும். ஈடிஎஃப்பை 9.15க்கும் 3.30க்கும் நடுவே சந்தையில் இன்னொருவரிடம் வாங்க வேண்டும். அதுவும் முழு யூனிட்டாக. விலை அவர் சொல்வதுதான். கேட்கிற விலைக்கும் கொடுக்கிற விலைக்கும் 250 ரூபாய் யூனிட்டில் ஐம்பது பைசா இடைவெளி என்றால், வாங்கி விற்பதற்குள் 0.2 சதவீதம் போச்சு. வியாபாரம் அதிகம் நடக்காத ஈடிஎஃப்களில் இது இன்னும் மோசம்.

2022இல் நம் ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான வரம்பு முட்டியபோது என்ன ஆயிற்று தெரியுமா? அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் நாஸ்டாக் 100 ஈடிஎஃப்பில் புது யூனிட் உருவாக்க வழியில்லை. வாங்க ஆள் இருந்தது, சரக்கு இல்லை. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். ஐஎன்ஏவி என்று ஒன்று, அதாவது ஒரு யூனிட்டின் அப்போதைய உத்தேச மதிப்பு, பகல் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஈடிஎஃப்பில் செலவு குறைவு என்று உன் புரோக்கர் சொல்கிற கணக்கும் பொய்யில்லை. வருடச் செலவு ஈடிஎஃப்புக்கு 0.05 சதவீதம், ஃபண்டுக்கு 0.2 சதவீதம் என்றால், பத்து லட்சம் சேர்ந்தபின் வருடத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம். இருபது வருடத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் நீ கரண்ட் பில்லையே கடைசித் தேதியில் கட்டுகிறவன்! மாதாமாதம் புரோக்கரின் டெர்மினலைத் திறந்து, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் ஆர்டர் போடுவாயா? எனக்கு நம்பிக்கையில்லை. இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போட்டுவிடு, வங்கியிலிருந்து தானே போய்விடும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளானாக இருக்கட்டும். ரெகுலர் பிளானில் தரகருக்குக் கமிஷன் போகும்; அப்புறம் நாம் போட்ட கணக்கே மாறிவிடும்.

பொங்கலுக்கு வரும்போது டீமேட் (பங்குக் கணக்கு) ஸ்டேட்மெண்ட்டை எடுத்து வா. முன்னே வாங்கிப்போட்ட அந்த வங்கிப் பங்குகளை என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ராமு