பெட்ரோல் பங்கில் மண்டியிட்ட பன்றி

பிரான்சிஸ்டவுன், போட்ஸ்வானா
செப்டம்பர் 28

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். படத்தில் அப்படியே உன் அம்மாவின் நெற்றி.

சிங்கம் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். சோபே தேசியப் பூங்காவில், ஒரு புதரடியில் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன. ஏழு ஜீப்புகள் காத்துக் கிடந்தோம். ஒன்று வாலை மட்டும் அசைத்தது. சிங்கக் கதை அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் பூங்காவை ஒட்டிய கசானே ஊரே போதும். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே வேலி என்று ஒன்றும் கிடையாது. முதல் நாள் காலை, பெட்ரோல் பங்க் பக்கத்துப் புல்லில் நாலு வார்ட்ஹாக் பன்றிகள். முகமெல்லாம் மரு. கழுத்து குட்டை என்பதால் முன்னங்காலை மடக்கி மண்டியிட்டுத்தான் மேய்கின்றன. விழுந்து கும்பிடப்போய் பாதியில் நின்றுவிட்டவர்கள் மாதிரி. ஏடிஎம் வரிசையில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் படமெடுத்தேன்.

சாயங்காலம் படகில் போனேன். சோபே ஆற்றின் நடுவே செடுடு என்று ஒரு புல்தீவு. அது யாருக்கு என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999இல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. மேய்ச்சல் பாத்தியதை என்னவோ யானைகளுக்குத்தான். குட்டியை நடுவில் விட்டு, தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கூட்டமாக நீந்திப் போகின்றன. பெண் யானைக்கும் தந்தம் இருப்பதை என் கண் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று.

இந்த நாட்டில் யானைகள் சுமார் 1,30,000. உலகத்திலேயே இங்கேதான் அதிகம். நான் வாய் பிளந்ததைப் பார்த்து விடுதி அம்மா சிரித்தார். அவருக்குக் கிராமத்தில் சோளக்கொல்லை உண்டு. சாணத்தில் மிளகாய்த்தூளைப் பிசைந்து காயவைத்து, ராத்திரி கொல்லையோரம் புகை மூட்டுவார்களாம். "காற்று திரும்பினால் இருமுவது நாங்கள்தான்" என்றார். ஒரே ராத்திரியில் ஒரு வருஷச் சாப்பாடு போய்விடும் என்பதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார். கூடலூரில் இருக்கும் உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே காசுக்குப் பெயர் புலா. மழை என்று அர்த்தம். இந்த மாதத்து வெயிலில் நடந்தால் ஏன் அப்படி வைத்தார்கள் என்று புரிகிறது. தாகத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து தண்ணீர் என்ன விலை என்றேன். கடைக்கார அம்மா "டுமேலா, ரா" என்று வணக்கம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நானும் "டுமேலா, மா" என்ற பிறகுதான் விலை வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் வணக்கம்தான்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. சோளக்களி, நம் பாட்டி கிண்டியது போலவே. கூடவே செஸ்வா: மாட்டுக்கறியை உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, நாராகும் வரை இடித்தது. மொபானி மரத்துப் புழுவையும் காயவைத்து விற்கிறார்கள். ஒன்று தின்றேன். இரண்டாவதற்கு மனசு வரவில்லை.

நேற்று கசானேயிலிருந்து இங்கே பிரான்சிஸ்டவுனுக்கு பஸ்ஸில் வந்தேன், சுமார் 500 கிலோமீட்டர். வழியில் கோமாரித் தடுப்பு கேட். காட்டெருமைகளிடமிருந்து மாடுகளுக்கு நோய் தொற்றாமல் இருக்க அங்கங்கே வேலி போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு மாட்டிறைச்சி விற்கும் நாடல்லவா. பச்சை இறைச்சி இருக்கிறதா என்று பையைக் கிளறினார்கள். அப்புறம் எல்லோரும் வரிசையாக மருந்து நனைத்த சாக்கை மிதித்து நடந்தோம். என் ஷூ இன்னும் நாறுகிறது, ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதவே இல்லையே.

உன்,
முரளி