பாகு ஊற்றியது நான்தான்

அக்கா,

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதை என்று இங்கே எழுதப்போவதில்லை, அத்தான் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். உனக்குப் புரியும்.

நாளை பைராம், துருக்கிக்காரர்களின் பெருநாள். தெய்ஸே, நாம் அப்படிக் கூப்பிட்ட துருக்கிப் பெரியம்மா, இல்லாத முதல் பைராம். காலையிலிருந்து பக்லாவாவுக்காக மாவோடு மல்லாடுகிறேன், மெல்லிய ஏடுகளை அடுக்கிச் சுட்டுப் பாகு ஊற்றும் அந்த இனிப்புக்குத்தான். பத்து உருண்டைகளைச் சின்னத் தட்டளவு தேய்த்து, இடையிடையே கோதுமை ஸ்டார்ச் தூவி அடுக்கி, பத்தையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும் இல்லையா, ஓரம் ஒட்டிக்கொண்டே வருகிறது. உன் கையில் ஒருநாளும் ஒட்டியதில்லை.

அந்தப் பாகு விஷயம் நடந்த வருடம், பக்லாவாவுக்குப் பேர்போன அண்டெப் நகரத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போய்வந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைச் சமையலறைக் கணக்கில் 1473-லேயே பக்லாவா இருக்கிறது, 2013-ல் அண்டெப் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது, துருக்கியிலிருந்து அதை வாங்கிய முதல் பண்டமே இதுதான் என்று தெய்ஸேயிடம் ஒப்பித்தேன். அவர் சிவாஸ் என்ற ஊர்க்காரர். பிஸ்தா கடைக்கு, வீட்டுக்கு வால்நட்தான் என்பவர். தேய்ப்பதை நிறுத்தாமலே, "அந்தக் காலத்தில் ரமலான் பாதியில் சுல்தான் தன் ஜானிசரி காலாட்படைக்குப் பக்லாவா கொடுப்பார். பத்து பேருக்கு ஒரு தட்டு. வீரர்கள்தான் தூக்கிப் போவார்கள். நீங்களும் தூக்குங்கள்" என்று நம் இருவரையும் தெருமுனை பேக்கரி அடுப்புக்கு அனுப்பினார். இஸ்தான்புல்லின் உஸ்குதார் ஏற்றத்தில் நீ முன்னால், நான் பின்னால். நெய் தளும்பி என் கையில் வழிந்தது. நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சுட்டெடுத்த தட்டோடு திரும்பி வந்தபோது தெய்ஸே தொழுதுகொண்டிருந்தார். காலையில் காய்ச்சிய பாகு ஜன்னலோரம் ஆறிக் கிடந்தது. ஒன்று சூடென்றால் மற்றது ஆறியிருக்க வேண்டும், அது அவர் கணக்கு. நான் பாகை எடுத்து மறுபடி கொதிக்க வைத்தேன். "வேண்டாம்டி" என்றாய். ஊற்றினேன். சொய்ங் என்று தட்டு முழுக்கப் பொங்கியது. அரை மணி கழித்து முள்கரண்டியால் குத்தினால் சத்தமே இல்லை. நாற்பது அடுக்கும் ஊறி ஒரே களி.

யார் ஊற்றியது என்று கேட்டார். "நான்தான்" என்றாய்.

நான் செய்தது ஊரில் இல்லாத வேலை இல்லை அக்கா. அண்டெப்பில் அடுப்பிலிருந்து எடுத்த தட்டில் கொதிக்கும் பாகைத்தான் உஸ்தா, அதாவது அங்கத்து மாஸ்டர், ஊற்றினார், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அங்கே ஏடு அந்தப் பக்கம் தெரிகிற அளவு மெல்லிசு, நெய் செம்மறிப்பால் நெய், பாகின் பதமும் வேறு. நம் வீட்டு ஏடு தடிப்பு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பேசாமல் நின்றது மட்டும் தெரிந்தே செய்தது. அதற்கு மன்னித்துவிடு.

உன்னை யார் சொல்லச் சொன்னது? ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த ஒரு நிமிடத்தை நீ எனக்குத் தந்ததே இல்லை. இங்கேயும் சரி, ஊரிலும் சரி. என் பழியை நீ தூக்கிக்கொண்டு நல்லவளாகிவிடுவாய், நான் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிவேன். ஆறு வருடம் அப்படித்தான் போனது. இதற்குமேல் இங்கே வேண்டாம்.

அந்த ஊறிப்போன துண்டைத் தெய்ஸே கடைசி வரை சாப்பிட்டார், ஞாபகம் இருக்கிறதா? உன்னைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாகு காய்ச்சி ஜன்னலோரம் வைத்துவிட்டேன். எலுமிச்சை கடைசியில்தான் பிழிந்தேன். தேய்க்கத்தான் சரியான கட்டை இல்லை, சப்பாத்திக் குழவியை வைத்துச் சமாளிக்கிறேன். தெய்ஸேயின் ஓக்லவா, அந்த மெல்லிய நீளக் கட்டை, உன்னிடம் இருக்கிறது. பார்சலில் அனுப்பாதே. எடுத்துக்கொண்டு வா.