ஹூக்கை நீக்கும் முன் அவகாசம் தாருங்கள்

மதிப்பிற்குரிய இணையதளச் சட்டகப் பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாத இடைப்பதிப்பில் விலைக் கணக்கீட்டுக்கான ஹூக், அதாவது தங்கள் சட்டகம் வெளி நிரல்களை அழைக்கும் இணைப்பிடம், நீக்கப்பட்டதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; நீக்கியவர்கள் தாங்களே. இனி எதையும் முன்னறிவிப்பின்றி நீக்காதீர்கள் என்று கேட்கவே இம்மடல்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்கும் ஒரு கடைக்காகத் தங்கள் சட்டகத்தில் அமைந்த இணையதளத்தை நான் பராமரிக்கிறேன். வெள்ளி விலை அன்றாடம் மாறும் என்பதால், எடையை அன்றைய விலையால் பெருக்கிச் செய்கூலியைக் கூட்டும் வேலையை ஒரு செருகுநிரல் (சட்டகத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) செய்துவந்தது. இரவில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. செருகுநிரல் இயங்குவதாகவே நிர்வாகப் பக்கம் காட்டியது. ஆனால் அதை அழைக்க வேண்டிய ஹூக் இல்லாததால், அடிப்படை விலையாகப் பதிந்திருந்த செய்கூலி மட்டுமே ஒவ்வொரு ஜோடிக்கும் விலையாக நின்றது. கடை திறப்பதற்குள் 17 ஆர்டர்கள். அறுபதைக் கடந்த உரிமையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினார். “விலை போட்டது நீங்கள்தானே?” என்றவர்களுக்கு அவரிடம் பதில் இல்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய ஒருவருக்கு மட்டும் மறுக்க மனம் வராமல், கூலி விலைக்கே கொலுசை அனுப்பிவைத்தார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த ஹூக் உட்பயன்பாட்டுக்கு மட்டுமே என்கிறது தங்கள் வெளியீட்டுக் குறிப்பு. இருக்கலாம். ஆயினும் விலையை மாற்ற ஆவணப்படுத்திய வேறு வழி எதையும் தாங்கள் தரவில்லை. அதே செருகுநிரலைத் தங்கள் செருகுநிரல் பட்டியலின் முகப்பில் வைத்துப் பரிந்துரைத்ததும் தாங்களே. அதை ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் பராமரிப்பவர் ஒரே ஒருவர். திருத்தம் வர ஒன்பது நாளாயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

பதிப்பின் முதல் எண் மாறினால் பழையது உடையலாம், இடை எண் மாறினால் உடையக் கூடாது என்பதே தாங்கள் பின்பற்றுவதாக அறிவித்துள்ள செமான்டிக் வெர்ஷனிங் முறை. உடைக்கவே கூடாதென்று நான் கேட்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2017 நவம்பரில் 57ஆம் பதிப்போடு பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது பலருக்கும் கசந்தது. ஆனால் 2015 ஆகஸ்டிலேயே அதை அறிவித்திருந்தார்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. வளைவை நிமிர்த்தித் தாருங்கள் என்று எந்த ஓட்டுநரும் கேட்பதில்லை. தங்கள் பாதையிலோ, பலகைக்குப் பதில் ‘மேம்பட்ட அனுபவம்’ என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் வருகிறது. யாருக்கு மேம்பட்டது என்பதை அந்தக் கொலுசுக்கடைக்காரரிடம் வந்து சொன்னால் நன்றாயிருக்கும்.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. எந்த ஹூக்கையும் நீக்குமுன், எச்சரிக்கைச் செய்தியோடு ஒரு முழு முதன்மைப் பதிப்புக் காலமாவது விட்டுவையுங்கள். பட்டியலின் முகப்பில் உள்ள செருகுநிரல்களையாவது வெளியீட்டுக்கு முன் ஓட்டிப் பாருங்கள். எடை, விலை, கூலி அடங்கிய சோதனைத் தரவை நான் அனுப்பிவைக்கிறேன்; எங்கு அனுப்புவது என்று மட்டும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு நிரலாளர்