விழா நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பகுதி ஆலய பரிபாலன சபையினருக்கும் பங்குச் சபையினருக்கும் வணக்கம்.

கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் எழுத்தடித்துப் பிழை பார்ப்பவன் நான். போன கிழமை கொப்பித்தாள் ஒன்றில் எழுதி வந்ததை அப்படியே தருகிறேன்: 'அதி வண. பிதா அருட்தந்தை', பிறகு பெயர், பிறகு 'அடிகளார் ஆண்டகை'. நடுவில் பெயர் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது. ஆள் யாரென்றால், குருப்பட்டம் பெற்று இரண்டு வருடமாகாத பங்குத்தந்தை!

பிதா என்றாலும் தந்தை என்றாலும் ஒன்றுதானே? ஏதாவது ஒன்று போதும். ஆண்டகை என்பது மறைமாவட்டத்துக்குத் தலைவரான ஆயருக்கு (பிஷப்புக்கு) உரியது. வவுனியாவும் மன்னாரும் மன்னார் மறைமாவட்டம், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். ஆக, வன்னிக்குப் பொறுப்பான ஆயர்கள் இரண்டு பேர். நோட்டீஸ்களைப் பார்த்தால் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்.

சைவக் கோவில் நோட்டீசிலும் இதே கூத்துத்தான். ஆசாரிய அபிஷேகம், அதாவது குருவாக உயர்த்தும் சடங்கு, ஆன குருக்களுக்குத்தான் சிவஸ்ரீ. அதற்கு முன் பிரம்மஸ்ரீ, பெயருக்குப் பின்னால் சர்மா. நீங்களோ கண்ணகி அம்மனுக்குப் பரம்பரையாகப் பொங்கிப் படைக்கிற பூசாரியாருக்கும் சிவஸ்ரீ போடச் சொல்கிறீர்கள். அப்படி ஒருமுறை அடித்துக் கொடுத்தபோது அந்தப் பெரியவரே கடைக்கு வந்துவிட்டார். "தம்பி, என்னை ஏன் ஐயராக்கினீங்கள்? பூசாரி எண்டால் என்ன குறைச்சல்?" எனக்குப் பதில் வரவில்லை.

நல்லூர் ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குரு. விபுலாநந்தர் இராமகிருஷ்ண மிஷன் துறவி. இருவரும் 1947இல் மறைந்தார்கள். இருவரையும் இன்றைக்கும் சுவாமி என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். யாரும் மரியாதை குறைந்ததாக நினைப்பதில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறோர் இடத்தில். குருமாருக்கு இரண்டு வரி எழுதுகிற நீங்கள், கடைசியில் 'மற்றும் சிஸ்டர்மார்' என்று முடித்துவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, பாடகர் குழுவைப் பழக்கி, பலிபீடத்துக்குப் பூ வைக்கிறவருக்குப் பெயர் இல்லையா? கேட்டால், "இடம் காணாது" என்கிறீர்கள்.

சரி, அடுத்தமுறை வரும்போது ஒன்று செய்யுங்கள். அருட்சகோதரி என்று போட்டு அவர் முழுப்பெயரையும் எழுதி வாருங்கள். குருவானவரையும் ஐயரையும் ஒருதரம் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். அந்த ஆண்டகையை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் காணும்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீசை முதலில் வாசிப்பவன்