பரிசேயனின் முகத்தை நான் ஏன் மாற்றி வரைந்தேன்?

இறையியல் கல்லூரிகளில் பிரசங்கக் கலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்கு வேதாகமக் கதைகள் சொல்லி வருகிறேன். இறையியல் பட்டம் எதுவும் எனக்குக் கிடையாது. உங்களிடம் படித்து வரும் போதகர்களின் பிரசங்கத்தைக் கேட்டு, அதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற அளவில் திருப்பிச் சொல்வதுதான் என் வேலை. ஆகவே யூத மதத்தைத் திரித்துச் சொல்வது என்று இந்த மடலில் நான் குறை கூறப்போகும் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கதை சொல்ல அட்டைப் பொம்மைகளைப் பயன்படுத்துவேன். பேதுருவுக்குச் சாந்தமான முகம். இயேசு காலத்து யூதச் சமயப் பிரிவு ஒன்றைச் சேர்ந்த பரிசேயனுக்கு நெரித்த புருவம், கோணல் வாய். ஒரு வாரம் அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரம் பாடமாக வந்தது. யூதரின் உயர் மன்றமாகிய ஆலோசனைச் சங்கத்தார் இயேசுவின் அப்போஸ்தலரைக் கொல்லத் துணிகிறார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த கமாலியேல் என்ற போதகர் எழுந்து, இது தேவனால் ஆனது என்றால் உங்களால் ஒழிக்க முடியாது, இவர்களை விட்டுவிடுங்கள் என்கிறார். கமாலியேல் பரிசேயர் என்று வசனமே சொல்கிறது. என்னிடம் இருந்த ஒரே பரிசேயப் பொம்மையை எடுத்தேன். முன்வரிசையில் இருந்த சிறுவன் உடனே கேட்டான்: "இவன் கெட்டவன் ஆயிற்றே, பேதுருவை ஏன் காப்பாற்றுகிறான்?"

என்னிடம் பதில் இல்லை. பாட்டு நேரம் வந்துவிட்டது என்று சொல்லிப் பாடத்தை முடித்துக்கொண்டேன். பிறகு வீட்டில் வேதாகமத்தைப் புரட்டினேன். ஏரோது உன்னைக் கொல்ல மனதாயிருக்கிறான், இங்கிருந்து போய்விடு என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்கள் (லூக்கா 13). நான் பரிசேயன் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டவர் பவுல் (அப்போஸ்தலர் 23). 'மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே' என்ற கடுஞ்சொல் வரும் அதே மத்தேயு 23, அவர்கள் மோசேயின் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர்கள், அவர்கள் சொல்வதைக் கைக்கொள்ளுங்கள் என்றுதான் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் இதில் எதையும் நான் பிரசங்கத்தில் கேட்ட நினைவில்லை.

நான் கேட்டுவரும் பிரசங்கங்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதலில் யூத மதத்தை இருட்டாக்க வேண்டும்: சட்டம், சடங்கு, ஈரமில்லாத நெஞ்சு. பிறகு அந்த இருட்டில் இயேசுவை விளக்காக ஏற்ற வேண்டும். கேட்பவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் செய்ய முதல் பாதியில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறனை நேசி என்பது இயேசு கொண்டுவந்த புதுக் கற்பனை (கட்டளை) என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது லேவியராகமம் 19:18. அதோடு அவர் சேர்த்துச் சொன்ன, தேவனை முழு இருதயத்தோடு நேசி என்ற முதற்கற்பனை உபாகமம் 6; யூதர்கள் இன்றும் காலையிலும் மாலையிலும் சொல்லும் ஜெபம். மாற்கு 12இல் இயேசுவிடம் இதைக் கேட்ட வேதபாரகன், அதாவது யூத வேத அறிஞன், போதகரே சரியாகச் சொன்னீர் என்று ஒப்புக்கொள்கிறான். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்று இயேசு பாராட்டுகிறார். இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்திய யூத அறிஞர் ஹில்லேல். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா (மோசேயின் நியாயப்பிரமாணம்) முழுவதையும் கற்றுத்தரும்படி கேட்டவனிடம், உனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாதே, இதுதான் தோரா, மற்றதெல்லாம் விளக்கவுரை, போய்ப் படி என்று அவர் சொன்னதாக யூதச் சமய நூலான தல்மூத் கூறுகிறது.

கண்ணுக்குக் கண் என்ற விதியும் அப்படித்தான் பிரசங்கத்தில் பழிவாங்கலாகச் சுருங்கிவிட்டது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, காயப்படுத்தியவன் ஐந்து வகையில் ஈடு கட்ட வேண்டும் என்கிறது: ஊனத்துக்கு, வலிக்கு, மருத்துவத்துக்கு, வேலையிழப்புக்கு, அவமானத்துக்கு. ஓர் உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே ஓய்வுநாள் விதி விலகி நிற்க வேண்டும் என்பதும் மிஷ்னாவில் உண்டு. ஓய்வுநாளில் எது தகும் என்று இயேசு வாதாடியது, ஏற்கெனவே உள்ளே சூடாக நடந்துகொண்டிருந்த ஒரு விவாதத்தில். வசனத்துக்கு வசனம் காட்டி அவர் வாதிடும் முறையே யூதக் கல்விச்சாலையின் முறை. அண்ணன் தம்பி தகராற்றில் பேசிய சொற்களை அயலார் பொறுக்கி எடுத்து, அந்தக் குடும்பத்தை ஏசுவதற்குப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் நடந்தது. அந்தியோகியாவில் 386-387இல் புகழ்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் யூதரைக் கடுமையாகச் சாடி எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவருடைய கோபத்தின் காரணம் கவனிக்கத்தக்கது: அவருடைய சபையார் பண்டிகை நாட்களில் யூதரின் ஜெப ஆலயத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மக்கள் நெருக்கமாகத்தான் இருந்தார்கள். பிரித்தது பிரசங்க பீடம். 1523இல் இயேசு பிறப்பால் யூதர் என்று பரிவோடு ஒரு நூல் எழுதிய சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர், 1543இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1939இல் ஜெர்மனியின் ஐசனாக்கில், திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றவே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே யூதத் தடயங்கள் நீக்கிய ஒரு புதிய ஏற்பாட்டை அது வெளியிட்டது. அதை நடத்தியவர்கள் தெருவில் கல்லெறிந்த ரவுடிகள் அல்லர், உங்களைப் போன்ற இறையியல் பேராசிரியர்கள். இந்த வரியை எழுதும்போது கை தயங்குகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

திருச்சபைகள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த யூத வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் ஐசக், 1960 ஜூனில் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்து, கிறிஸ்தவம் கற்பித்துவந்த 'அவமதிப்பின் போதனை' பற்றிப் பேசினார். அந்தச் சந்திப்பு வீண்போகவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர் மீதோ இக்கால யூதர் மீதோ சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. ஆதரவு 2,221 வாக்குகள், எதிர்ப்பு 88. அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் சபை 1994இல் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக மறுத்தது. ஆனால் அறிவிப்பு ஆவணத்தில் இருக்கிறது. பழைய வாய்ப்பாடு பிரசங்க பீடத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது உங்கள் வகுப்பறை.

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று ஒரு மாணவர் எழுதிவந்தால் என்ன மதிப்பெண் தருவீர்கள்? இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன் சொன்னது ஏறத்தாழ இதுதான். அதற்காகத்தான் ரோமாபுரிச் சபை 144 வாக்கில் அவரை வெளியேற்றியது. அவர் வாதத்தில் தோற்றார், பிரசங்கத்தில் ஜெயித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று கடவுள் தம்மை அறிவிப்பது யாத்திராகமம் 34இல். இதில் நம் மொழியும் சற்றுச் சதி செய்கிறது: தொன்மை என்றால் கைகூப்புகிறோம், பழையது என்றால் ஒதுக்கிவைக்கிறோம். 'பழைய ஏற்பாடு' என்ற பெயரைக் கேட்கும் பிள்ளை இரண்டில் எதைச் செய்யும்?

எனக்கு மிகவும் புரியாதது ரோமர் நிருபத்தை நாம் படிக்கும் விதம். 8ஆம் அதிகாரத்தின் வெற்றி முழக்கம் முடிந்ததும் ஒரே தாவாக 12க்குப் போய்விடுகிறோம். இடையில் மூன்று அதிகாரங்கள் தன் சொந்த ஜனத்துக்காகப் பவுல் நெஞ்சு வெடிக்க எழுதியவை. காட்டு ஒலிவக் கிளையாகிய நீ நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டாய். மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமை பாராட்டாதே, வேரை நீ சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது. அவர் இதை எழுதியது நம்மைப் போன்ற புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவர்களுக்கு. தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று முடிக்கிறார். இஸ்ரவேலின் இடத்தைத் திருச்சபை பிடித்துக்கொண்டது, உடன்படிக்கை கைமாறிவிட்டது என்று போதிப்பவர்கள் இந்த வசனத்தை என்ன செய்கிறார்கள்?

வேறுபாட்டை மழுப்பச் சொல்லவில்லை. இயேசுவை மேசியா என்று அறிக்கையிடுகிறோம். யூதர்கள் அப்படி ஏற்கவில்லை. திரித்துவமும் அவர்களுக்கு ஏற்புடையதன்று. இது சிறிய பிளவு அல்ல. ஓர் அரசின் கொள்கையை ஆதரிக்கச் சொல்லியும் இதை எழுதவில்லை. அது வேறு வழக்கு. அடுத்தவர் நம்பிக்கையை அவர்களே அடையாளம் கண்டுகொள்ளும்படி விவரித்துவிட்டுப் பிறகு மாறுபடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பரிசேயரைப் பற்றிப் பிரசங்கம் எழுதும் ஒவ்வொரு மாணவரும் மிஷ்னாவில் ஒரு பக்கமாவது படித்திருக்கட்டும். பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசிக்கும் முன், இதில் 'யூதர்' என்று எழுதியவரும், எழுதப்பட்டவரும், சிலுவையில் தொங்குபவரும் யூதர்களே என்று ஒரு வாக்கியம் சொல்லப் பழகட்டும். விசுவாசப் பிரமாணம் அந்தப் பாடுகளோடு சேர்த்துச் சொல்லும் ஒரே பெயர் பொந்தியு பிலாத்து, ஒரு ரோம அதிகாரி.

நான் பொம்மையை மாற்றி வரைந்துவிட்டேன். இப்போது பரிசேயனுக்கும் பேதுருவுக்கும் ஒரே சாயல். அடுத்த மாதம் லூக்கா 18 வருகிறது: பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவனும்) ஜெபிக்கப் போன கதை; அதில் பரிசேயன், தான் மற்றவர்களைப் போல இல்லாததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறான். முன்பெல்லாம் கதை முடிந்ததும், நாங்கள் அந்தப் பரிசேயனைப் போல இல்லாததற்காக உமக்கு நன்றி ஆண்டவரே என்று பிள்ளைகளை ஜெபிக்கச் சொல்வேன். சென்ற வாரம் பாடக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே அந்த ஜெபத்தைப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் மாணவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை