நீ விட்டுப்போன நோட்டு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. புளி உலுக்கி முடித்தாச்சு, இப்போது தட்டிக்கொண்டிருக்கிறோம். சின்ன மாட்டை விற்றுவிட்டேன். மாமா சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே, அவருக்கு வாய்தான்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "ம், சரிப்பா" என்கிறாய், அதோடு முடிந்துவிடுகிறது. பெரியப்பா பையன் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறான். ராகி மாவும் கொள்ளும் வறுத்த கடலையும் கொடுத்தனுப்புகிறேன். முட்டை தினம் ரெண்டு சாப்பிடு. சும்மா டீயும் பன்னும் தின்றுவிட்டு ஷிப்டுக்குப் போகாதே. தொடையில் சதை ஏறணும்னா சாப்பாடும் வேணும், பயிற்சியும் வேணும் என்று பிசியோ மேடம் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் கால் பயிற்சி நோட்டை டிவி பெட்டி மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை.

முதல் பக்கத்தில் உன் எழுத்தே சரிகிறது, படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். "துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்குவது, பத்து எண்ணும் வரை." அதற்கடுத்த வாரம், "காலை மடக்காமல் தூக்குவது: 3." மூணு! பக்கத்துக் கட்டில் பாட்டி அஞ்சு தூக்கினாங்கன்னு அன்னிக்கு ராத்திரி நீ அழுதாய். வாக்கரில் ஆறு வாரம். அப்புறம் படிக்கட்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதைச் சுவரிலும் கரியால் எழுதி வைத்தாயே, அது இன்னும் இருக்கிறது. வெள்ளை அடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

வலது காலுக்கு அப்புறம் இடதுக்கும் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அதிலும் ஒரு நாள்கூட நீ விடவில்லை. முட்டிச் சில்லுக்கு மேலே 15 செ.மீ. தள்ளி டேப்பைச் சுற்றி ஒவ்வொரு ஞாயிறும் அளந்து எழுதியிருக்கிறாய். இடது தொடை 41, 41½, 42, திரும்ப 41½ (அது காய்ச்சல் வந்த வாரம்), 43. இந்த நம்பர்களை நான் கடைக்காரன் பற்று வரவு பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். உங்கம்மா அவளுடைய டைலரிங் டேப்பை வருஷமாகத் தேடுகிறாள். உன்னிடம்தான் இருக்கும், இருக்கட்டும்.

மூணு செங்கல் உயரத்திலிருந்து குதித்ததும் அதில் இருக்கிறது. பீரோக் கண்ணாடியைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்துக்கொண்டு குதிப்பாய். சத்தம் வரக் கூடாது, முட்டி உள்ளே போகக் கூடாது. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி நின்று பார்த்திருக்கிறேன். எலும்பை டாக்டர் வெட்டி, நிமிர்த்தி, பிளேட் வைத்துவிட்டார், ஆனால் இத்தனை வருஷம் உள்பக்கமாகவே இறங்கிப் பழகின கால், எலும்பு நேரானாலும் பழைய வழியிலேயே இறங்கும், இடுப்புப் பக்கத் தசை பலமானால்தான் அது மாறும் என்று மேடம் விளக்கினார்கள். அதற்குத்தான் காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாய். தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அவர்களையும் வரிசையில் நிற்கவைத்து நடக்கவிட்டாய்.

கடைசியாக எழுதியது ஜனவரி 12. "வலது 47, இடது 45½. ஒற்றைக் கால் தாவல்: வலது 118, இடது 97." அதற்கப்புறம் வெறும் பக்கம். அங்கே போய்ப் புது நோட்டு போட்டிருந்தால் நல்லது, இந்தக் கடிதமே வேண்டாம். அப்படித்தானே? பலவீனமான கால் மற்றதில் நூற்றுக்குத் தொண்ணூறாவது தாவினால்தான் மேட்சில் இறங்கலாம் என்பது கணக்கு. போட்டுப் பார்த்தேன், 106 வரணும். ஒன்பது சென்டிமீட்டர்தான் பாக்கி. என் விரல் நீளம்கூட இருக்காது.

கம்பெனி டீமில் பேர் வரவில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம். நான் கேட்கவில்லை. பேர் வருகிறது, வராமல் போகிறது, பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். "அவர் இருக்கிற காலோட தாண்டினார், நான் காலை மாத்திக்கிட்டுத் தாண்டணும், ரெண்டும் வேறப்பா" என்றாய். சரிதான். இனிமேல் சொல்லமாட்டேன். ஆனாலும் பயிற்சியை விட்டுவிடாதே.

இதை எழுதத்தான் பேனா எடுத்தேன் என்று முதலில் நினைத்தேன்.

பொங்கலன்று இலையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ரெண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். அம்மா வைத்த சொம்பைத் தொடவில்லை. வாய் கொப்பளித்ததும் பாட்டில் தண்ணியில்தான். மூணு நாளும் அப்படித்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். இப்போது வீட்டில் குடிப்பது ஒகேனக்கல் குழாய்த் தண்ணிதான், ஓசூரில் உனக்கு வருகிறதும் அதே காவேரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

உனக்கு ரெண்டு வயசிருக்கும்போது, 2006ல், போர் போட்டேன். 720 அடி. மூணு வட்டிக்கு வாங்கின பணம். தண்ணி பொங்கி வந்தபோது தெருவே வந்து பார்த்தது. நீ எட்டு வயசில் பல்லில் காவிக் கோடோடு நின்றபோது பள்ளிக்கூடத்துக்குச் சோதனை செய்ய ஆட்கள் வந்தார்கள். நம்ம தண்ணியைக் குப்பியில் ஊற்றி மருந்து விட்டார்கள். இளஞ்சிவப்பாக இருந்த மருந்து மஞ்சளாகிவிட்டது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாதாம். நம்முடையதில் நாலுக்குப் பக்கம். பாறையில் ரொம்பக் காலம் ஊறுகிற தண்ணியில்தான் இது சேரும், வளர்கிற பிள்ளை குடித்தால் முட்டி வளையும் என்று உட்காரவைத்துச் சொன்னார்கள். ஊர் அடிபம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். நம்ம போருக்கு அடிக்க வந்த பையனை நான் விரட்டிவிட்டேன்.

2013ல் ஒகேனக்கல் திட்டம் வந்தது. அடுத்த வருஷம் நம்ம தெருவுக்குக் குழாய். பிளீச்சிங் நாத்தம் என்று நான் வேண்டாம் என்றேன். எதிர்வீட்டில் குடத்தை வரிசையில் போட்டுப் பிடித்தார்கள். உன் வயசுதான் அந்தப் பிள்ளைக்கும். நாம் இன்னும் மூணு வருஷம் என் போரையே குடித்தோம். கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று உங்கம்மா காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தாள். இது காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

உன் கால் உள்ளே வளைந்தபோது, "உங்க வீட்டுக் கால்தானே, உங்க ஆத்தா நடக்கிற மாதிரியே நடக்குது" என்று அவளைச் சொன்னேன். பந்தியில், நாலு பேர் முன்னால், பல தடவை. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும், எலும்பு கல்லு மாதிரி இருந்தது, டிரில் இறங்கவே நேரமாகிவிட்டது, என்ன தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டார். ஊர்த் தண்ணிங்க சார் என்றேன். ஊர் அப்போது ஒன்பது வருஷமாகக் குழாய்த் தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

எனக்கும் இப்போது கழுத்து திரும்புவதில்லை. கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புகிறேன். அம்மாவிடம் வயசாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே இருந்துகொள்.

இடது பிளேட் எடுப்பதைப் பற்றி ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார், வைகாசியோடு ஆகிறது. எடுத்தால் திருகு இருந்த ஓட்டை மூடும்வரை கொஞ்ச நாள் குதிக்கக் கூடாதாம், அதையும் கேட்டுக்கொள். எக்ஸ்ரே எடுக்கும்போது நான் வரணுமா வேண்டாமா என்று சொல். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். காப்பீட்டு அட்டை என்னிடம்தான் இருக்கிறது.

நோட்டையும் மாவுப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், மாவு ஒட்டாது.

சித்திரைக்கு வருவாயா? வந்தால் அவ்வளவு தூரம் பாட்டில் சுமக்காதே, காலுக்குப் பாரம். பென்னாகரத்திலேயே கேன் கிடைக்கிறது, ரெண்டு வாங்கி வைக்கிறேன். நீ குடிக்கிறது எந்த கம்பெனி என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா