ஜியாலஜி கல்லூரி: களக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பிதழை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தாள் கிழியும்வரை கைமாற்றிப் படித்தார்கள். அதில் பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பான பி.எஸ்சி. ஜியாலஜிக்கு இரண்டே வரி. சுரங்கங்களில் வேலை கிடைக்கும், ஆண்களுக்கு ஏற்ற படிப்பு என்று முடித்துவிட்டீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். ஜியாலஜி படிக்க ஆசைப்படும் ஒரு மாணவியின் அப்பா அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து, "பாருங்க டீச்சர், பேப்பர்லயே போட்டிருக்கு, பொம்பளப் பிள்ளைக்கு ஆகாதாம்" என்றார். இந்தக் கடிதம் அவருக்கும் சேர்த்துத்தான்.

சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கி வேலை செய்ய 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடை போட்டிருந்தது உண்மை. 2019-இல் மத்திய அரசு அதைத் தளர்த்திவிட்டது. தொழில்நுட்பப் பணிக்கும் மேற்பார்வைப் பணிக்கும் இப்போது பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்திலும் இறங்கலாம். அதுவும் போக, ஜியாலஜி என்றால் சுரங்கம் மட்டும்தானா? நிலத்தடி நீர் இருக்கிறது. அணைக்கு அடித்தளம் பார்ப்பது இருக்கிறது. எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலாக நிலச்சரிவு இருக்கிறது.

நீலகிரியில் 1978 நிலச்சரிவையும் 1993-இல் மரப்பாலத்தில் நடந்த சரிவையும் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024-இல் கூடலூருக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் நடந்ததை நாடே பார்த்தது. இங்கே வீடு கட்ட ஜே.சி.பி. வெட்டிய மண்சுவர் ஒன்றின் எதிரே போய் நின்று பாருங்கள். மேலே சிவந்த மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக, விரலால் நோண்டினால் உதிர்கிற, பாதி மக்கிய பாறை. பாறையில் முன்பு இருந்த விரிசல் கோடுகள் அந்த மக்கலிலும் அப்படியே தெரியும். மழைநீர் எந்த வழியாக இறங்கும், சரிவு எந்தப் பக்கம் பெயரும் என்பதை அந்தக் கோடுகளை வைத்துக் கணிக்கப் படித்த கண் வேண்டும். ஜி.எஸ்.ஐ. என்கிற இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2020-இல் நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் தொடங்கியபோது டார்ஜிலிங்கோடு நீலகிரியையும் எடுத்துக்கொண்டது. அந்த வேலைக்கு இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் போக வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சரி, எங்கே படிப்பது? ஊட்டியிலோ குன்னூரிலோ இதற்கு வழியில்லை, மலையிறங்கித்தான் ஆக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று தமிழ்நாட்டில் இத்துறை உள்ள கல்லூரிகள் கொஞ்சம்தான். பெற்றோர் உடனே கேட்பது "இதுல எது பெரிய காலேஜ்?" என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் தரவரிசைப் பட்டியலைத் தேடுகிறார்கள். அந்த இடம் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துக் கொடுப்பது. நல்ல இடத்தில் இருக்கும் கல்லூரியின் ஜியாலஜி துறை எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான். சேர்வதற்கு முன் துறைக்கு நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் களக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண் பொங்கல் விடுமுறையில் தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினாள். மழையில் நனைந்து அட்டை உப்பியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் படம், பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று கிளைனோமீட்டர் வைத்து அளந்த எண்கள். அளவு தெரிவதற்காகப் படத்தில் பாறை ஓரமாக ஒரு பேனா மூடியும் வரைந்திருந்தாள். ஒரு படத்தில் அது விட்டுப்போயிருக்க, பேராசிரியர் சிவப்பு மையில் "அளவு எங்கே?" என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு நோட்டு இருந்தால் அந்தத் துறையில் பாடம் நடக்கிறது. எல்லோருடைய நோட்டிலும் ஒரே படம், ஒரே வரி, சுத்தமான கையெழுத்து என்றால் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தெழுதியது என்று புரிந்துகொள்ளலாம்.

நோட்டைப் பார்த்த கையோடு, வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டுக்குப் போகிறார்கள், செலவு யாருடையது, மாணவிகளையும் கூட்டிப் போகிறார்களா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். "பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு இல்ல" என்று அவர்களை லேபிலேயே உட்கார வைக்கும் துறை வேண்டவே வேண்டாம்.

சுற்றுவட்டாரத்தில் என்ன பாறை இருக்கிறது என்பதும் ஒரு கணக்கு. சேலத்தில் படித்தால் மேக்னசைட் வெட்டும் இடமும் கஞ்சமலை இரும்புத் தாதும் பக்கம். திருச்சியிலிருந்து அரியலூருக்குப் போய்விட்டால், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலின் சுருள் கிளிஞ்சல்கள் மண்ணிலேயே கிடக்கும். தூத்துக்குடிக்குக் கடற்கரையும் தேரிக்காட்டுச் செம்மணலும். சென்னைக்குப் பல்லாவரம். நாங்கள் கடைக்காலுக்குப் போடும் நீலக் கருங்கல் இருக்கிறதே, அதே வகைப் பாறைதான் அங்கேயும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்திருந்த கல்லைப் பார்த்து, ஜி.எஸ்.ஐ.யில் இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். நீலகிரியும் பழனிமலையும் பெரும்பாலும் அந்தப் பாறைதான்.

லேபில் மைக்ராஸ்கோப்பை மறக்காதீர்கள். பாறைச் சீவலைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அதற்கென்றே உள்ள போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நம் சார்னோக்கைட்டை வைத்து மைக்ராஸ்கோப்பின் வட்ட மேடையைத் திருப்பினால் ஹைப்பர்ஸ்தீன் என்கிற கனிமம் வெளிறிய இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். ஒவ்வொரு மாணவரும் தானே திருப்பிப் பார்த்தால்தான் அது மனதில் நிற்கும். ஒரு வகுப்புக்கே ஒரு கருவி என்றால் எட்டிப் பார்ப்பதோடு சரி. நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் உழைப்பில் குறைவில்லாதவர்கள், ஆனால் அவர்களை மட்டுமே வைத்து மூன்று வருடமும் ஃபீல்டும் லேபும் நடத்துவது கஷ்டம்.

இணைப்பிதழ் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பி.எஸ்சி.யோடு இது முடியாது. ஜி.எஸ்.ஐ.க்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் யு.பி.எஸ்.சி. புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். எனவே ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். மும்பை, காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் ஜியாலஜிக்குத் தனித் தாள் உண்டு. இளங்கலையில் எந்தத் துணைப்பாடம் படித்தோம் என்பதையும் அங்கே பார்ப்பார்கள். அதனால் கணிதம், இயற்பியல், வேதியியலில் எவை துணைப்பாடம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. போன வருடம் எத்தனை பேர் ஜாம் எழுதினார்கள் என்றும் கேளுங்கள்.

அப்புறம், பணம். அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் பெரிய பாரமில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். செலவு வைப்பது விடுதியும் ஃபீல்டு பயணமும்தான். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. விடுதி இடம் உறுதியாகாமல் சேர்க்கைக்குக் கிளம்ப வேண்டாம்.

அடுத்த இணைப்பிதழில் இந்தப் படிப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு துறையிலும் களப்பயண நாட்கள், மைக்ராஸ்கோப்புகளின் எண்ணிக்கை, நிரந்தரப் பணியிடங்கள், விடுதி வசதி ஆகியவற்றை உங்கள் நிருபர்கள் விசாரித்து ஊர்வாரியாகப் போட்டால் போதும். அந்த "ஆண்களுக்கு ஏற்ற" என்ற வரிக்கு இந்த வாரமே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். விண்ணப்பக் காலம் முடியுமுன் அந்த அப்பாவிடம் நான் அதைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி